உரிமையாளர் என்ற இடத்தில்

ஜனவரி 9

அன்புள்ள வாலு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ஆடிட்டர் ஆபீஸில் கணக்கையே மென்றுகொண்டிருக்கிறாயா? போன வாரம் மூக்கடைப்போடு பேசினாய். வெந்நீர் குடி. எனக்கு மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. உன் அண்ணன் வழக்கம்போல ஊரில் உள்ள லிப்டை எல்லாம் ரிப்பேர் செய்து மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டு, தான் மட்டும் மூச்சு வாங்கப் படியேறி வீட்டுக்கு வருகிறார்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் உன்னிடம் குசுகுசுவென்று பேசினால் அது உன் அண்ணன் காதுக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? அதோடு, நீ போனில் சட்டம், வரி என்று ஆரம்பித்தால் நான் 'ம்' கொட்டுவேன், வைத்த பிறகு ஒன்றும் மண்டையில் நிற்காது. எழுத்தில் இருந்தால் திரும்பத் திரும்பப் படிக்கலாம். அவர் வேலைக்குப் போன பிறகுதான் தபால் வரும், அதனால் தைரியமாக வீட்டுக்கே எழுது.

விஷயம் இதுதான். நான் சொந்தமாகக் கடை போடப் போகிறேன்.

சிரிக்காதே. பதினைந்து வருஷமாக இந்த சூட்கேஸ் கடையின் பின்னறையில் உட்கார்ந்து சக்கரம் மாற்றுகிறேன், ஜிப் தைக்கிறேன், மேலே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கைப்பிடியை வழிக்குக் கொண்டுவருகிறேன். முதலாளி அதை வாங்கி வாடிக்கையாளரிடம் நீட்டி, "நம்ம கை பட்டா சரியாகாம இருக்குமா?" என்கிறார். அவர் கை படுவது கல்லாவில் மட்டும்தான். நல்ல மனுஷர், கோபமில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அவ்வளவுதான்.

ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது. முன்பு போட்டோ ஸ்டுடியோ. நீல வானமும் வளைந்த படிக்கட்டும் வரைந்த திரை இன்னும் சுவரில் தொங்குகிறது. என் மேஜையும், எதிரே வருகிறவருக்கு ஒரு நாற்காலியும் போட்டால் இடம் முடிந்தது. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் எல்லோரும் அந்தச் சந்தில்தான் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள். நேற்று அங்கே சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடகடவென்று இழுபடும் பெட்டிகளின் சத்தம், எனக்குச் சங்கீதம் மாதிரி இருந்தது. பெயரும் தயார். கல்யாணமான நாளிலிருந்து நான் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான்: 'இன்னொரு பயணம்'.

உன் அண்ணனிடம் மட்டும் மூச்சு விடாதே. அவர் கெட்டவர் என்றா சொல்கிறேன்? அவருடைய நல்ல குணத்துக்குத்தான் பயப்படுகிறேன். சில வருஷம் முன்பு அலமாரிக்குப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தேன். இரண்டு இழுப்பு இழுப்பதற்குள், "குடு, நீ போய் உக்காரு" என்று பிரஷ்ஷை வாங்கிவிட்டார். அலமாரி அழகாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தக் கடையும் அப்படி ஆகிவிடக் கூடாது. உரிமையாளர் என்று எழுதும் இடத்தில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும், அதற்கான ஓட்டமெல்லாம் நானே ஓட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அவரைக் கூட்டிப்போய்க் கடை வாசலில் நிறுத்திக் காட்டுவேன்.

எங்கே ஆரம்பிப்பது? எந்த ஆபீசுக்கு முதலில் போவது? தப்பாக எதிலாவது கையெழுத்துப் போட்டுக் கம்பி எண்ண வேண்டி வருமோ என்று உதறலாக இருக்கிறது. உடனே எழுது.

உன் அண்ணி

—

ஜனவரி 17

பாசமுள்ள அண்ணிக்கு,

மூக்கு திறந்துவிட்டது. வெந்நீரால் இல்லை, உங்கள் கடிதத்தால். படித்துவிட்டு நாற்காலியிலிருந்து துள்ளியதில் ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னம்மா, பரிசு ஏதாவது விழுந்துச்சா?"

"இல்ல சார், எங்க அண்ணி முதலாளி ஆகப்போறாங்க."

"அப்ப ஒழுங்கா வரி கட்டச் சொல்லு" என்று மறுபடி குனிந்துகொண்டார். அவர் அகராதியில் அது ஆசீர்வாதம். மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், இனி அது முதலாளியின் மணிக்கட்டு.

பயத்தை விடுங்கள் அண்ணி. கம்பி எண்ணுவது அவ்வளவு சுலபமில்லை, அதற்கும் ஏகப்பட்ட கையெழுத்து வேண்டும். முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, தனி உரிமையா, கூட்டா என்பதைத்தான். தனி உரிமை என்றால் சட்டத்தின் கண்ணுக்குக் கடையும் நீங்களும் ஒரே ஆள். லாபமும் உங்களுக்கு, கடனும் உங்களுக்கு, நடுவில் ஒருவரும் வர முடியாது. கூட்டு என்றால் பத்திரம், பங்கு, எதற்கெடுத்தாலும் இரண்டு கையெழுத்து. உங்களுக்கு எது வேண்டும் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை.

அடுத்தது வணிகப் பதிவு அலுவலகம். அங்கே கடையின் பெயரைப் பதிய வேண்டும். உரிமையாளராக இருக்கப் போகிறவர் அடையாள அட்டையோடு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், ஆள் அனுப்பினால் நடக்காது. உங்கள் வட்டாரத்தில் அதே தொழிலுக்கு அதே பெயர் வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. நடுவிலேயே வரி எண்ணுக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள். இரண்டும் வந்தால்தான் வங்கியில் கடை பெயரில் தனிக் கணக்கு. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் ஒரே பையில் போட்டுக் குழப்பியவர்கள் எங்கள் ஆபீஸில் தினம் ஒருவராவது வந்து அழுகிறார்கள். நகராட்சி உரிமம் கடைசியில். அதற்கு வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள், 'கடை நடத்த' என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வீட்டுக்கார ஐயா வேறு ஏதாவது எழுதினால் சிரித்துக்கொண்டே மாற்றச் சொல்லுங்கள்.

ரகசியம் என்னிடம் பத்திரம். வேடிக்கையைக் கேளுங்கள், போன வாரம் அண்ணனும் என்னைக் கூப்பிட்டு, கூட வேலை செய்யும் யாரோ சின்னதாகக் கடை வைக்கப் போகிறாராம், என்னென்ன செய்ய வேண்டும் என்று விலாவாரியாகக் கேட்டான். உங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் முதலாளி ஆகிறீர்கள், நான்தான் இன்னும் குமாஸ்தா.

அன்புடன்,
உங்கள் வாலு

—

பிப்ரவரி 12

என் சட்ட ஆலோசகருக்கு,

உடம்பு தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, கால்தான் வலிக்கிறது. இந்த ஊரில் எத்தனை மாடிப்படி இருக்கிறது என்று அரசாங்கக் கட்டடங்களில் ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எல்லா இடத்திலும் லிப்ட் 'பழுது'. உன் அண்ணனிடம் சொல்லவும் முடியாது!

வரி எண்ணுக்கு எழுதிப் போட்டேன், வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. வரி கட்டச் சொல்லி வந்த காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஸ்டுடியோக்காரர் வயசானவர், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசுகிறார். பேசும்போதெல்லாம் போட்டோ எடுக்கப் போகிற மாதிரியே இருக்கிறது. ஒப்பந்தத்தில் 'குடியிருக்க' என்று எழுதலாமா என்று கேட்டார். அவருக்கு அதில் ஏதோ வரி மிச்சமாம். நீ சொன்னபடி சிரித்தேன். "ஐயா, இந்த அறையில நான் காலை நீட்டிப் படுத்தா தலை தெருவுல இருக்கும். கடைன்னே எழுதுங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டு மாற்றினார். ஏப்ரல் கடைசிக்குள் கடை திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். கல்லாவை மூடிவிட்டு, "பழுதுன்னு வர்றவங்கள உங்கிட்டயே அனுப்பட்டுமா?" என்று கேட்டார். நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனாலும் அவ்வளவு நல்லவராக ஒரே நாளில் எப்படி மாறினார் என்று மனசுக்குள் ஒரு குடைச்சல்.

நேற்று பெயர்ப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். 'உரிமையாளர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டது. விண்ணப்பத்தை வாங்கிய அலுவலக அம்மா, "பரவாயில்ல, எல்லாருக்கும் மொத தடவ அப்படித்தான்" என்றார்.

உன் அண்ணன் போக்கு ஒன்றும் சரியில்லை. சனிக்கிழமை லீவில் மத்தியானம் வரைக்கும் தூங்குகிற மனுஷர், இப்போது விடிந்ததும் முகம் மழித்துக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுகிறார். கேட்டால் "சும்மா, ஒரு சிநேகிதன்" என்கிறார். நடுநடுவே பாட்டு வேறு முணுமுணுக்கிறார். லிப்டில் யாராவது அழகி மாட்டிக்கொண்டாளா என்று விசாரித்து எழுது.

உன் அண்ணி

—

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

நான் சௌக்கியம், உங்கள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். 'கடைன்னே எழுதுங்க' என்று நீங்கள் சொன்னதை ஆடிட்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்ததை இந்த ஆபீஸில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன். ரசீதில் விற்பனை வரி என்று இப்போது எதையும் சேர்க்காதீர்கள். விற்பனை ஓர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும், பதியாமல் வாடிக்கையாளரிடம் அதை வசூலித்தால் அதுதான் தப்பு. வாங்குகிற சக்கரத்துக்கும் நூலுக்கும் பில் கேட்டு வாங்கி வையுங்கள். கூச்சப்படக் கூடாது, பில் கேட்பது வம்புச் சண்டை இல்லை.

அழகி விஷயம்: எங்கள் அண்ணனைப் பார்த்து மயங்க இந்த உலகத்தில் உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. நிம்மதியாக இருங்கள்.

உங்கள் வாலு

—

மார்ச் 6

வாலு,

நலமா என்று கேட்கக்கூட மனசு இல்லை. கேட்டுவிட்டேன், நலமாக இரு. நான் இல்லை.

பெயர் கிடைக்கவில்லை. "அதே பேரு, அதே தொழிலு, அதே வட்டாரம். நீங்க விண்ணப்பம் குடுக்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஒருத்தர் பதிஞ்சிருக்காரு" என்கிறார் பதிவு அலுவலக அம்மா. சூட்கேஸ் பழுது பார்க்கும் கடை, பெயர் 'இன்னொரு பயணம்'! யார் என்று கேட்டேன். வாயால் சொல்லக் கூடாதாம், காரணம் காட்டி எழுதிக் கேட்டால் தருவார்களாம்.

எனக்கு யார் என்று தெரியும். அந்தப் பெயரை நான் முதலாளியிடம் ஒரு தடவை உளறியிருக்கிறேன். "உங்கிட்டயே அனுப்பட்டுமா" என்று குழைந்தாரே, அப்போதே எனக்கு உறுத்தியது. பதினைந்து வருஷம் என் வேலையைத் தன் கை என்று சொன்னவருக்கு, என் கடையைத் தன் கடை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக்கே நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று வருகிறது. ஆதாரத்தோடு போவதுதான் முறை என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

வேறு பெயர் வைத்தால் என்ன என்று நீ கேட்கலாம். எனக்கு வேறு பெயர் வேண்டாம். அது என் பெயர்.

யார் பதிந்தது என்று எழுதிக் கேட்கும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது? அதை மட்டும் உடனே எழுதி அனுப்பு. வீட்டில் சிரித்த முகத்தோடு நடமாடுவது பெரிய பாடாக இருக்கிறது. உன் அண்ணனோ பாட்டை இன்னும் நிறுத்தவில்லை.

அண்ணி

—

மார்ச் 25

வாலுவுக்கு,

பதில் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? போன் செய்தால் "ஆடிட்டிங் அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். நீ இப்படி இருக்கும் ஆள் இல்லையே. என் மேல் கோபமா? விண்ணப்பத்தை நானே எழுதிவிட்டேன். திங்கள்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அங்கிருந்து நேரே முதலாளி கடைக்கு.

அண்ணி

—

மார்ச் 28

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் கோபம் வராது. தாங்கள் அந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டாம். முதலாளியிடம் எதுவும் கேட்க வேண்டாம், அவர் பாவம். வேறு பெயரும் தேட வேண்டாம். ஒரு பத்து நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுக்கவும்.

தங்கள் அன்புள்ள வாலு

—

மார்ச் 28

அண்ணா,

நீ சுகமாக இருப்பாய், பாட்டுப் பாடிக்கொண்டு. அண்ணியிடம் இப்போதே சொல்லிவிடு என்று போனில் சொன்னால் "சரி சரி, கல்யாண நாள் வரைக்கும் வாயை மூடிட்டு இரு" என்று வைத்துவிடுகிறாய். அதனால் உன் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

கூட வேலை செய்கிறவர் கடை வைக்கிறார் என்று என்னிடமே புளுகி, நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, நேரே போய் 'இன்னொரு பயணம்' என்று பதிந்துவிட்டாய். நான் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டாய். எதற்குச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். அண்ணி அந்த முதலாளியிடம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், சனிக்கிழமைதோறும் இடம் தேடி அலைந்து, கடையைத் தயாராக வைத்து, கல்யாண நாளில் சாவியை அவர் கையில் கொடுக்க ஆசைப்பட்டாய். உன் மனசு தங்கம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது, உன்னிடம் மூச்சு விடாதே என்று அண்ணி எனக்குச் சொன்னதை உடைக்கிறேன். அவரும் இதே கடையைத்தான் ஜனவரியிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். இடம் பார்த்துவிட்டார், வரி எண் வாங்கிவிட்டார், வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டார். பெயர் மட்டும் கிடைக்கவில்லை. அது உன்னிடம் இருக்கிறது. யாரோ திருடிவிட்டார்கள் என்று அவர் அழாத குறையாகத் திரிகிறார். திங்கள்கிழமை அந்த அப்பாவி முதலாளியின் சட்டையைப் பிடிக்கப் போகிறார்.

சட்டப்படி அது உன் கடை. நாளைக்கு அண்ணி அங்கே உட்கார்ந்து ஒரு சக்கரம் மாற்றினால்கூட, உன்னிடம் வேலை பார்க்கும் ஆள் என்றுதான் நான் கணக்கில் எழுத முடியும். அலமாரிக்குப் பெயின்ட் அடித்தாயே, அதே வேலையை மறுபடியும் செய்திருக்கிறாய். அந்த அலமாரியை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று நீ ஒரு தடவையாவது கவனித்திருக்கிறாயா?

திங்கள்கிழமைக்குள் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆயுசுக்கும் நான் நிற்க வேண்டி வரும். எனக்கு இரண்டு பேரும் வேண்டும் அண்ணா.

வாலு

—

மார்ச் 31

தங்கைக்கு,

நலம். சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. இப்போது வெளியே படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் தள்ளிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அண்ணன்

—

ஏப்ரல் 21

அடி கள்ளி,

நன்றாக இருக்கிறாயா? இருப்பாய். இரண்டு பக்கமும் ரகசியத்தை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு உனக்கு எப்படித் தூக்கம் வந்தது? 'மதிப்பிற்குரிய அண்ணி', 'தாங்கள்' என்று நீ எழுதியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அண்ணன் யாருக்கோ விசாரித்தான் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், படித்த எனக்கும் உறைக்கவில்லை, எழுதிய உனக்கும் உறைக்கவில்லை. நல்ல குடும்பம்.

உன் மேல் கோபம் தீர்ந்து நாளாகிவிட்டது. பதில் போடாமல் இருந்தது நீ செய்த வேலைக்குப் பழிக்குப் பழி.

உன் அண்ணனிடம் சில நாள் பேசவில்லை. "உனக்குத்தானே செஞ்சேன்" என்றார். "எனக்குத்தான் செஞ்சீங்க, என்னை விட்டுட்டுச் செஞ்சீங்க" என்றேன். என் பெயரில் பதியத்தான் போனாராம். அதற்கு என் கையெழுத்து வேண்டும் என்றார்களாம், கேட்டால் எனக்குத் தெரிந்துவிடுமே என்று தன் பெயரில் போட்டுவிட்டாராம். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு மாடி லிப்டைத் தூக்கி நிறுத்துகிறார்.

ஒருநாள் அவரே வந்து அலமாரி முன்னால் நின்றார்.

"இது உனக்குப் பிடிக்கலயா?"

"பிடிச்சிருக்கு. நான் அடிச்சிருக்கணும்."

"இத இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்ல வாயத் தொறந்தா, அந்த வார்த்தையையும் நீங்களே சொல்லி முடிச்சிருவீங்க."

ஏதோ சொல்ல வந்தார், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கும் கலங்கியது. போகட்டும்.

மறுநாள் இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அதே அம்மா. உன் அண்ணன் கடையை மூட வேண்டும் என்றார். "இன்னும் ஒரு நாள்கூட நடக்கலயே, அதுக்குள்ள நஷ்டமா?" என்று கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், எங்கள் இருவரின் முகவரியையும் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட, புருஷன் பொண்டாட்டிதானா! இதுக்குப் போய் ஏன் மூடணும்? கூட்டுன்னு மாத்திக்கோங்க. ஒரு கையெழுத்து, இன்னிக்கே முடிஞ்சுடும். மூடிட்டுப் புதுசா போட்டா வாரக் கணக்குல ஆகும்."

வாலு, உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு மனசு ஆடிவிட்டது. மாதக் கடைசியில் அறை கையை விட்டுப் போய்விடும். ஒரு கையெழுத்துப் போட்டால் கடை கைக்கு வந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவரும் அந்நியர் இல்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

உன் அண்ணன் முந்திக்கொண்டார். "வேண்டாம்மா. மூடிருங்க. கடை என்னுது இல்ல, அவளுது."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவரைப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த மறு நிமிஷமே எரிச்சலும் வந்தது. "பாத்தீங்களா, அதையும் என்னைக் கேக்காம நீங்களே சொல்லிட்டீங்க!" என்றேன். மனுஷர் திருதிருவென்று விழித்தார். வரிசையே சிரித்தது. அவர் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். நான் அந்த அம்மாவிடம் திரும்பி, "கூட்டு வேண்டாம்மா. மூடுங்க. நான் புதுசா போடறேன்" என்றேன். இந்தத் தடவை எழுத்து கோணவில்லை.

பழைய உரிமையாளர் பெயரை விட்டுத் தருவதாக எழுதிக் கொடுத்தால் அதே பெயரை எனக்குத் தரலாமாம். எழுதிக் கொடுத்தார். ஸ்டுடியோக்காரரிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். இருமல் வரும் வரைக்கும் சிரித்துவிட்டு, மே கடைசி வரை பொறுக்கிறேன் என்றார்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் எழுதுகிறேன். வந்தால் முதலில் உனக்குத்தான்.

உன் அண்ணி

—

மே 16

முதலாளி அண்ணிக்கு,

உங்கள் சான்றிதழ் வந்த செய்தி கிடைத்ததும் எனக்குப் பசி போய்விட்டது. பிறகு இரட்டிப்பாக வந்தது, சாப்பிட்டேன், உடம்பு நன்றாக இருக்கிறது.

இனி மிச்சம் கொஞ்சம்தான். நகராட்சி உரிமம் கைக்கு வரும் முன்னால் கதவைத் திறந்து வேலை ஆரம்பித்துவிடாதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும். உரிமத்தைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். வாசல் பலகை சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனி அனுமதி, சுவரோடு ஒட்டி இருந்தால் தேவையில்லை. அண்ணன் பலகை செய்து தருகிறேன் என்று வந்தால் அளவை நீங்கள் சொல்லுங்கள்.

திறப்புக்கு என்னால் வர முடியாது, வருஷக் கணக்கு முடிக்கும் நேரம், ஆடிட்டர் வாசலில் படுத்துத் தடுப்பார். அழுகையாக வருகிறது. முதல் வருஷமே உங்களுக்கு வரி கட்டும் அளவுக்கு லாபம் வரட்டும். எங்கள் ஆபீஸில் இதைவிடப் பெரிய வாழ்த்து கிடையாது. அன்றைக்கு நடந்ததை அண்ணனை எழுதச் சொல்லுங்கள். கடுதாசியில் நாலு வரிக்கு மேல் எழுதினால் அவனுக்கு ஒரு சட்டை வாங்கித் தருவேன்.

உங்கள் வாலு

—

ஜூன் 15

தங்கைக்கு,

நலம். உன் அண்ணி நலம். மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்கிறாள், வலி இல்லை என்கிறாள். சட்டை அளவு உனக்குத் தெரியும். கீழே எண்ணிப் பார்த்துக்கொள்.

கடை திறந்துவிட்டது. உரிமம் சுவரில் இருக்கிறது. நான் ஆணி அடிக்கப் போனேன், அவள் சுத்தியலை வாங்கி அவளே அடித்தாள். நேராகத்தான் இருக்கிறது. அந்த வானம் வரைந்த திரையை எடுக்கவில்லை. அதன் முன்னால் அவள் உட்கார்ந்து வேலை செய்வது பார்க்க நன்றாக இருக்கிறது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வருகிறவர்களை அவள் அதட்டி உட்கார வைக்கிறாள். அவர்களும் உட்காருகிறார்கள். பழைய முதலாளி சொன்னபடியே ஆட்களை அனுப்புகிறார்.

முதல் நாள் நான் லீவு போட்டுப் போனேன். எனக்கு வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. எதிரே இருக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். ஒரு பெட்டியில் கைப்பிடி மாட்டிக்கொண்டு மேலே வரவில்லை. லிப்டில் தினம் பார்க்கிற கோளாறுதான், எனக்குக் கை பரபரத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவள் முடித்துவிட்டாள், என்னைவிட வேகமாக.

நான் எழுத வந்தது இது இல்லை. வேறு ஒன்று நடந்தது.

ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சக்கரம் உடைந்திருந்தது. அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். என்னிடம் வந்து, "முதலாளி, இது எப்ப கிடைக்கும்?" என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். "நான் இல்லைங்க. முதலாளி அவங்க" என்றேன்.

சொல்லும்போது எனக்கு என்னவோ செய்தது. என் முதல் சம்பளத்தை வீட்டில் கொடுத்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. அவள் தலை நிமிராமல், "சாயந்தரம் வாங்க, ரெடியா இருக்கும்" என்றாள். ஆனால் அவள் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன். அன்றைக்கு இன்னும் சில பேர் என்னிடம் அப்படியே வந்து கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் எழுந்து நின்று சொன்னேன். ஒருவர் கேட்காமலே அவளிடம் போய்விட்டார், அவரிடமும் சொன்னேன்.

இன்றைக்கு எனக்கு லீவு. முகம் மழித்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். வேலை செய்ய விடமாட்டாள் என்று தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பார்க்க முதலாளி மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் யாராவது என்னிடம் வந்து கேட்பார்கள்.

அண்ணன்